யாரும் பார்க்காத உரையாடல்

1993 முதல் 1996 வரை கனடாவின் தேசிய மருத்துவத் திறன் தேர்வை எழுதி, பிறகு ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்களில் தொழில் தொடங்கியவர்கள் 3,424 பேர். நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவரின் எதிரே உட்கார்ந்து பேசிக் காட்ட வேண்டிய தேர்வு அது. கேள்வி கேட்ட விதத்துக்கும், காது கொடுத்த விதத்துக்கும், விளக்கிச் சொன்ன விதத்துக்கும் தனி மதிப்பெண் உண்டு. ராபின் டாம்ப்ளின் தலைமையிலான ஆய்வுக் குழு இந்த 3,424 பேரையும் 2005 வரை பின்தொடர்ந்தது. அதுவரை அவர்கள்மீது மருத்துவ ஒழுங்குமுறை அமைப்புகளுக்கு வந்த புகார்கள் 1,116. உரையாடல் பகுதியில் மதிப்பெண் குறையக் குறையப் புகார் கூடியது. அந்த மதிப்பெண்ணில் இரண்டு திட்டவிலக்க அளவு சரிவுக்கு, விசாரணைக்குப் பிறகும் நிலைத்த புகார்கள் 38 சதவீதம் அதிகரித்தன. 2007-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இந்த முடிவு வெளியானது.

ஒரு நாளில் சில நிமிடங்கள் பேசியதைக் கேட்டு இட்ட மதிப்பெண், பல ஆண்டுகள் கழித்து அந்த மருத்துவர்மீது யாரோ ஒரு நோயாளி புகார் எழுதுவாரா என்பதை ஓரளவு முன்கூட்டிச் சொல்லிவிட்டது. மருத்துவர் நோயாளியிடம் பேசுவது குணம் சார்ந்தது, அதை எப்படி அளப்பது என்று கேட்பவர்களுக்கு இதைவிட வலுவான பதில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அளக்கலாம். எப்படி அளப்பது, யார் அளப்பது, எந்த மொழியில் அளப்பது என்பவைதான் மிச்சமிருக்கும் கேள்விகள். நம் ஊர் மருத்துவக் கல்லூரிகள் இவற்றை இன்னும் முழுமனதோடு கையில் எடுக்கவில்லை.

மருத்துவம் படித்தவர்களுக்கு இறுதியாண்டு செய்முறைத் தேர்வு நினைவிருக்கும். காலையில் ‘லாங் கேஸ்’ ஒதுக்கப்படும். மாணவர் படுக்கையருகே போய் நோயாளியிடம் வரலாறு கேட்பார், உடலைப் பரிசோதிப்பார், தாளில் எழுதிக்கொள்வார். பிறகுதான் ‘எக்ஸ்டர்னல்’ எனப்படும் வெளித் தேர்வாளர் வருவார். மாணவர் எழுதியதை ஆங்கிலத்தில் ஒப்பிப்பார். தேர்வாளர் கேள்வி கேட்பார், வைவா நடக்கும், மதிப்பெண் விழும். மாணவருக்கும் நோயாளிக்கும் இடையே தமிழில் நடந்த அந்த முக்கால் மணி நேரப் பேச்சின்போது தேர்வாளர் பக்கத்தில் இல்லை. மாணவர் நோயாளியின் முகத்தைப் பார்த்தாரா, பாதியில் வெட்டினாரா, “சொன்னதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா” என்று அதட்டினாரா, எதுவும் யாருக்கும் தெரியாது. அந்தப் பேச்சிலிருந்து பிறந்த அறிக்கைக்கே மதிப்பெண். பேச்சுக்கு ஒன்றுமில்லை.

தேர்வுக்கு வரும் நோயாளிக்கோ எல்லாம் தெரியும். ஒரே நாளில் பல மாணவர்களுக்கு ஒரே கதையைச் சொன்னவர் அவர். தன் இதயத்தில் எந்த வால்வில் கோளாறு என்று அவருக்கே மனப்பாடம். அன்பாகக் கேட்ட பிள்ளைக்கு விடையை மெல்லச் சொல்லிவிடுவார், முரட்டுத்தனமாக நடந்துகொண்டவருக்கு வாயைத் திறக்க மாட்டார். இப்படி நடப்பது நம் ஊரில் மட்டுமல்ல. ஹோவர்ட் பாரோஸ் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் இளவயதில் இதே அனுபவத்தைக் கேட்டிருக்கிறார். தேர்வுக்கு வந்த ஒரு நோயாளி, தன்னிடம் கடுமையாக நடந்துகொண்ட தேர்வரைப் பழிவாங்கத் தன் நரம்பியல் அறிகுறிகளை மாற்றிக் காட்டிவிட்டதாக அவரிடம் சொன்னாராம். நோயாளி நினைத்தால் அறிகுறியை நடித்துக் காட்ட முடியும் என்ற எண்ணம் பாரோஸின் மனதில் அப்போது விழுந்தது.

1963-இல் லாஸ் ஏஞ்சலஸின் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பாரோஸ் ஒரு மாடல் பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து, இரு கால்களும் செயலிழந்த நோயாளியாக மாணவர்கள் முன் நடிக்க வைத்தார். ஒவ்வொரு மாணவர் போன பிறகும் அவர் என்ன செய்தார், எப்படி நடந்துகொண்டார் என்று அந்தப் பெண் ஒரு படிவத்தில் குறித்தார். ஹாலிவுட்காரர்கள் மருத்துவக் கல்லூரிக்குள் புகுந்துவிட்டார்கள் என்று கேலி செய்தார்கள். மருத்துவக் கல்வியில் மரியாதை கிடைக்க அந்த முறைக்கு நெடுங்காலம் பிடித்தது. ஆனால் ஒரு பெரிய மாற்றம் அன்றே நடந்துவிட்டது. நோயாளியின் இடத்தில் இருப்பவர் மதிப்பெண் போட உரிமை உள்ளவரானார்.

பேச்சை அளக்கும் முறையின் மற்றப் பாதி ஸ்காட்லாந்தில் சேர்ந்தது. டண்டீ பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஹார்டன், பழைய படுக்கையருகுத் தேர்வின் அடிப்படைக் குறையைச் சுட்டினார். ஒரு மாணவருக்கு எளிய கேஸ் விழுகிறது, இன்னொருவருக்குக் கடினமானது. ஒருவருக்குக் கனிவான தேர்வாளர், மற்றவருக்குக் கறாரானவர். மாணவரின் திறமையோடு அவருடைய அதிர்ஷ்டமும் மதிப்பெண்ணில் கலந்துவிடுகிறது. 1975-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவரும் சகாக்களும் முன்வைத்த மாற்று, இன்று உலகம் முழுக்க ‘ஆஸ்கி’ என்று வழங்கும் தேர்வு. வரிசையாகப் பல ஸ்டேஷன்கள். மணி அடித்ததும் மாணவர் அடுத்த ஸ்டேஷனுக்கு நகர வேண்டும். எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம், ஒரே மதிப்பெண் பட்டியல். பாரோஸின் பயிற்சி பெற்ற நோயாளியும் ஹார்டனின் ஸ்டேஷனும் சேர்ந்தபோது பேச்சைப் பார்த்து மதிப்பெண் போட வழி பிறந்தது.

ஒரு ஸ்டேஷனை அருகில் போய்ப் பார்க்கலாம். கதவில் ஒட்டியுள்ள தாளில் நான்கு வரிகள்: நாற்பத்தைந்து வயதுப் பெண், மார்பில் கட்டி, பயாப்ஸி முடிவு புற்றுநோய், முடிவைத் தெரிவிக்கவும். உள்ளே உட்கார்ந்திருப்பவரின் கையில் இருக்கும் குறிப்பு இதைவிட நீளமானது. அக்கா இதே நோயில் இறந்தவர். அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். இவற்றைத் தானாகச் சொல்லக்கூடாது, கேட்டால்தான் சொல்ல வேண்டும். மாணவர் வந்ததும் வராததுமாய்க் கட்டியின் வகை, அறுவை, கீமோ என்று சரளமாக விளக்கினால், அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே இருப்பார், நேரம் முடிந்துவிடும். அக்காவும் மகளும் வெளியே வரவே மாட்டார்கள். “இந்த ரிசல்ட் பத்தி உங்க மனசுல என்ன ஓடிட்டு இருக்கு?” என்று ஒரு கேள்வி கேட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிந்தவருக்கு எல்லாம் வந்துவிடும். அந்த மௌனத்தைத் தாங்குவதுதான் இளம் மருத்துவர்களுக்கு மிகக் கடினம். 1984-இல் ஹோவர்ட் பெக்மனும் ரிச்சர்ட் ஃபிராங்கலும் 74 சந்திப்புகளின் ஒலிப்பதிவை ஆராய்ந்தபோது, நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 வினாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். சொல்ல வந்ததை முழுவதும் சொல்லி முடித்த நோயாளிகள் கால்பங்குக்கும் குறைவு.

எதைப் பார்த்து மதிப்பெண் இடுவது என்பதிலும் நிறைய உழைப்பு நடந்திருக்கிறது. 1999-இல் மிச்சிகனின் கலமாஸூ நகரில் கூடிய மருத்துவக் கல்வியாளர்கள் ஒரு நல்ல சந்திப்புக்கு இன்றியமையாதவை என்று ஏழு கூறுகளைத் தொகுத்தார்கள். சூசான் கர்ட்ஸ், ஜொனாதன் சில்வர்மன் ஆகியோர் உருவாக்கிய கால்கரி–கேம்பிரிட்ஜ் வழிகாட்டி, ஒரே சந்திப்பை எழுபதுக்கும் மேற்பட்ட சிறு திறன்களாகப் பிரித்துக் காட்டியது. மாணவருக்கு “நன்றாகப் பேசு” என்று சொல்வதைவிட, “கேள்வியை முடித்ததும் பேனாவைக் கீழே வை, நிமிர்ந்து பார்” என்று சொல்வது பயன்படும். அந்த அளவில் இந்தப் பட்டியல்கள் அரிய கொடை.

தேர்வில் அவையே சிக்கலாகவும் மாறின. டொரொண்டோவின் பிரையன் ஹாட்ஜஸ் குழு 1999-இல் வெளியிட்ட ஆய்வு இதை முகத்தில் அறைந்தாற்போலச் சொன்னது. மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள், அனுபவமிக்க குடும்ப மருத்துவர்கள் என மூன்று தரப்பினரையும் ஒரே மனநல ஸ்டேஷன்களில் உட்கார வைத்தார்கள். சரிபார்ப்புப் பட்டியலின்படி டிக் போட்டபோது அனுபவசாலிகளுக்கு மிகக் குறைந்த மதிப்பெண். ஒட்டுமொத்தமாக எப்படி இருந்தது என்று மதிப்பிட்டபோது அவர்களே முன்னால். தேர்ந்த மருத்துவர் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் கேட்பதில்லை. நோயாளி சொன்ன ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நேராகப் போகிறார். பட்டியலுக்குப் பயிற்சி பெற்ற மாணவரோ, நோயாளி என்ன சொன்னாலும் “உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு எனக்குப் புரியுது” என்ற வாக்கியத்தைத் தவறாமல் சொல்லி அந்த டிக்கை வாங்கிவிடுகிறார். பரிவைக் காட்டிக்கொள்ளக் கற்றுக்கொடுத்துவிட்டு, பரிவோடு நடக்கக் கற்றுக்கொடுத்ததாக நினைத்துக்கொள்ளும் அபாயம் இங்கே இருக்கிறது.

இதன் கசப்பான பக்கத்தைப் பிரிட்டன் பார்த்தது. குடும்ப மருத்துவராக வேண்டுமானால் அரச குடும்ப மருத்துவர் கல்லூரி நடத்திய மருத்துவத் திறன் மதிப்பீட்டில் அப்போது தேற வேண்டியிருந்தது. 13 கேஸ்கள், ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடம், நோயாளிகள் எல்லோரும் நடிகர்கள். அனீஸ் எஸ்மெயிலும் கிறிஸ் ராபர்ட்ஸும் 2013-இல் 5,095 தேர்வர்களின் முடிவுகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். எழுத்துத் தேர்வில் பெற்ற மதிப்பெண் முதலானவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும், வெளிநாட்டில் படித்து வந்த சிறுபான்மை இனத்தவர் முதல் முயற்சியில் தோற்கும் வாய்ப்பு, பிரிட்டனில் படித்த வெள்ளையரைப்போல் பதினான்கு மடங்குக்கும் மேல். பிரிட்டனிலேயே மருத்துவம் படித்த சிறுபான்மையினருக்கும் மூன்றரை மடங்கு. அகநிலைப் பாரபட்சம் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதை ஒதுக்கிவிட முடியாது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். இந்திய வம்சாவளி மருத்துவர்களின் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2014 ஏப்ரலில் நீதிபதி மிட்டிங், தேர்வு சட்டத்துக்குப் புறம்பானது அல்ல என்று கல்லூரிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அதே தீர்ப்பில், சங்கத்துக்குச் சட்ட வெற்றி இல்லாவிட்டாலும் தார்மீக வெற்றி கிடைத்திருக்கிறது என்ற பொருளிலும் குறிப்பிட்டார்.

இந்த வழக்கைப் படிக்கும்போது எளிதில் ஒரு பக்கம் சாய்ந்துவிட முடியாது. வெளிநாட்டு மருத்துவருக்கு ஆங்கிலம் தெரியும், மருத்துவம் தெரியும். ஆனால் மான்செஸ்டரில் ஒரு வயதான பெண்மணி, “ஒன்றுமில்லை டாக்டர், சும்மாதான் வந்தேன்” என்று ஆரம்பித்தால் அதில் எவ்வளவு கவலை ஒளிந்திருக்கிறது என்பதைப் பிடிக்க அந்த ஊரில் வாழ்ந்திருக்க வேண்டும். அந்தப் பெண்மணிக்குத் தன்னைப் புரிந்துகொள்ளும் மருத்துவர் கிடைப்பதும் நியாயமான உரிமைதான். தேர்வு அளந்தது உரையாடல் திறனை மட்டுமா, அல்லது ஒரு குறிப்பிட்ட வர்க்கத்தின் பேச்சுப் பழக்கத்தையும் சேர்த்தா என்பதே கேள்வி. தேர்வாளர்களின் காது எந்தப் பேச்சுக்குப் பழகியிருக்கிறதோ அதுவே ‘நல்ல பேச்சு’ என்று பட்டியலில் ஏறிவிட வாய்ப்பு உண்டு.

அமெரிக்காவின் கதை வேறு வகை. உரிமம் பெற எல்லோரும் எழுத வேண்டும் என்று 2004-இல் கொண்டுவந்த திறன் தேர்வை நாடு முழுவதும் ஐந்தே நகரங்களில் நடத்தினார்கள். கட்டணம் கடைசியில் 1,300 டாலரை ஒட்டி வந்தது. பயணம், தங்கும் செலவு தனி. அமெரிக்காவில் படித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் முதல் முறையிலேயே தேறினார்கள். தோற்றவருக்கு எங்கே தவறினோம் என்று தெளிவாகச் சொல்லும் வழக்கமும் இல்லை. கொரோனாவால் 2020-இல் நிறுத்திய தேர்வை 2021 ஜனவரியில் ஒரேயடியாகக் கைவிட்டார்கள். அதே ஆண்டு கனடாவும் தன் தேர்வை முடித்துக்கொண்டது. புகார்களை முன்கூட்டிச் சொல்லிக் காட்டிய அதே தேர்வு! செலவும் நிர்வாகச் சுமையும் சான்றைவிடக் கனமாகிவிட்டன. இந்த முடிவு எனக்கு வருத்தம் தருகிறது. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: பட்டம் வாங்கும் கட்டத்தில் ஒரே நாளில் வடிகட்டும் தேர்வு, மாணவரைத் திருத்துவதற்குக் காலம் கடந்து வருகிறது.

இந்தியாவில் 2019 ஆகஸ்டில் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களிலிருந்து புதிய பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதனுடன் ‘ஏட்காம்’ எனப்படும் மனப்பான்மை, அறநெறி, உரையாடல் பாடமும் வந்தது. 27 அலகுகள். மருத்துவராக இருப்பது என்றால் என்ன என்று முதலாண்டில் தொடங்குகிறது. அடுத்த அலகே நோயாளியாக இருப்பது என்றால் என்ன என்று கேட்கிறது. உரையாடலின் அடித்தளம் என்ற தலைப்பு படிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் திரும்ப வந்து, கடைசியில் நோயையும் அதன் போக்கையும் நோயாளிக்கு எடுத்துச் சொல்வதில் முடிகிறது. வடிவமைத்தவர்கள் அக்கறையோடு செய்திருக்கிறார்கள். எழுத்துத் தாளில் இதிலிருந்து ஒரு கேள்வியாவது வர வேண்டும், செய்முறைத் தேர்விலும் வைவாவிலும் இந்தத் திறனைச் சோதிக்க வேண்டும் என்று விதியும் சொல்கிறது.

எழுத்துத் தாளில் வருகிறது. ‘துயரச் செய்தியைத் தெரிவிக்கும் படிநிலைகளை எழுதுக’ என்பது போன்ற கேள்விக்கு மாணவர் ஆறு படிகளையும் வரிசை பிசகாமல் எழுதிவிடுவார். 1990-இல் ஜார்ஜ் மில்லர் மருத்துவத் திறனை நான்கு படிகளாகப் பிரித்தார்: தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்டுவார், அன்றாடம் செய்கிறார். நம் தேர்வுகள் பெரும்பாலும் முதல் இரண்டு படிகளிலேயே நின்றுவிடுகின்றன. பட்டம் முடிந்ததும் முதுநிலை நீட் வருகிறது. முழுவதும் கொள்குறி வினாக்கள். ஹவுஸ் சர்ஜன் ஆண்டு முழுக்க மாணவர் வார்டைவிட்டுக் கோச்சிங் வகுப்புக்கு ஓடுவதற்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எதற்கு மதிப்பெண்ணோ அதைத்தானே படிப்பார்.

மேற்கத்திய ஸ்டேஷனை அப்படியே தூக்கி வந்து நம் கல்லூரிகளில் வைத்தாலும் போதாது. முதலில் நேரம். 67 நாடுகளின் குடும்ப மருத்துவச் சந்திப்புகளை ஒப்பிட்டு 2017-இல் வெளியான ஆய்வில் ஸ்வீடனில் சந்திப்பு சராசரி இருபது நிமிடத்துக்கும் மேல், வங்கதேசத்தில் 48 வினாடி. இந்தியாவில் ஏறத்தாழ இரண்டு நிமிடம். பத்து நிமிட ஸ்டேஷனில் திறமை காட்டியவர், அறுபது பேர் வரிசையில் நிற்கும் ஓ.பி.யில் என்ன செய்வார் என்பது வேறு சோதனை. இரண்டு நிமிடத்தில் செய்யக்கூடியவை உண்டு. பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம். முதல் வாக்கியத்தை முடிக்க விடலாம். மாத்திரைச் சீட்டை நீட்டும் முன் ஒரு கேள்வி கேட்கலாம். “புரிஞ்சுதாம்மா?” என்று கேட்டால் “புரிஞ்சுதுங்க சார்” என்றுதான் பதில் வரும். “வீட்டுக்குப் போனதும் மருமக கேட்டா, டாக்டர் என்ன சொன்னார்னு சொல்லுவீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். “காலைல வெள்ளை மாத்திரை, ராத்திரி மஞ்சள்… சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா சார்?” அந்த ஒரு சந்தேகம் வெளியே வந்ததே பெரிய வெற்றி. சர்க்கரை நோயாளிகளுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர் ஸ்டேஷன் இரண்டு நிமிட ஸ்டேஷனாகவும் இருக்க வேண்டும்.

இரண்டாவது குடும்பம். கால்கரியிலோ டண்டீயிலோ பிறந்த பட்டியல்கள் பெரும்பாலும் மருத்துவரும் நோயாளியும் தனியே உட்கார்ந்திருப்பதை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மதுரையில் அப்பாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் மகன் முன்னதாகவே அறை வாசலில் மருத்துவரைப் பிடித்துக்கொள்வார்: “அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர், தாங்க மாட்டார்.” உள்ளே அப்பாவுக்கு ஏற்கெனவே சந்தேகம், மகன் தாங்க மாட்டானே என்று அவரும் கேட்காமல் இருக்கிறார். இந்த இருவருக்கும் நடுவில் பொய் சொல்லாமல், யாரையும் அவமதிக்காமல், “உங்க உடம்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறீங்க ஐயா?” என்று அப்பாவிடமே கேட்கத் தெரிவது நம் மருத்துவருக்கு அடிப்படைத் திறன். நம் ஸ்டேஷனில் நோயாளியாக ஒருவர் நடித்தால் போதாது, மகனாகவும் ஒருவர் நடிக்க வேண்டும்.

மூன்றாவது மொழி. அரசு மருத்துவக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 சதவீதமும் முதுநிலை இடங்களில் பாதியும் அகில இந்திய ஒதுக்கீடு. பிற மாநிலங்களிலிருந்து வரும் மாணவர்கள் வார்டில் அரைகுறைத் தமிழோடு திண்டாடுகிறார்கள். தமிழ் தாய்மொழியாக உள்ளவர்களுக்கும் வேறொரு சிக்கல் உண்டு. ஐந்தாண்டுகள் ஆங்கிலத்தில் நோயைப் படித்தவர், ஈரல் சுருங்கிப்போன நிலையை ஒரு விவசாயக் கூலிக்குத் தமிழில் விளக்க ஒருமுறையும் பயிற்சி பெற்றிருக்க மாட்டார். அந்த நேரத்துக்கு வாயில் வந்ததைச் சொல்லிச் சமாளிப்பார். நோயாளி எந்த மொழியில் வலியைச் சொல்கிறாரோ அந்த மொழியில்தான் தேர்வும் நடக்க வேண்டும். தமிழ் தெரியாத மாணவரைத் தோற்கடிக்க அல்ல. அவருக்கு என்ன கற்றுத்தர வேண்டும் என்று கல்லூரிக்குத் தெரிவதற்காக. பிரிட்டனின் வழக்கை மறக்காமல் இருந்தால், மொழித் திறனுக்கு ஒரு மதிப்பெண்ணும் நோயாளியை மதித்து நடப்பதற்கு இன்னொன்றும் எனப் பிரித்து வைக்கலாம்.

செலவு அதிகமாகுமே என்பார்கள். ஒரே நாள் பெருந்தேர்வாக வைத்தால் அதிகம்தான். அதன் முடிவையும் முழுதாக நம்ப முடியாது. ஒரு கேஸில் நன்றாகப் பேசியவர் அடுத்ததில் சொதப்புவது சகஜம் என்பது இத்துறையில் திரும்பத் திரும்ப உறுதியான விஷயம். அதனால்தான் நிறையச் சந்திப்புகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் ஜான் நார்சினி 1990-களில் வகுத்த ‘மினி சி.இ.எக்ஸ்.’ முறை இதற்குப் பொருந்தும். வார்டிலோ ஓ.பி.யிலோ நிஜ நோயாளியோடு மாணவர் பேசுவதை ஆசிரியர் பதினைந்து, இருபது நிமிடம் அருகில் நின்று பார்க்கிறார், ஒரு சிறு படிவத்தை நிரப்புகிறார், அங்கேயே இரண்டு வார்த்தை சொல்கிறார். வேறு நாள், வேறு நோயாளி, வேறு ஆசிரியர். ஒவ்வொன்றும் சின்னது, ஆனால் ஓராண்டில் சேரும்போது ஒருவரின் பழக்கம் தெரிந்துவிடும். தனிக் கட்டடம் வேண்டாம், நடிகர் வேண்டாம். ஆசிரியரின் நேரம் வேண்டும், அந்த நேரத்தைப் பணியாகக் கணக்கில் எடுக்கும் நிர்வாகம் வேண்டும். வார்டு செவிலியரின் கருத்தையும் நோயாளியின் கருத்தையும் அந்தப் படிவத்தில் சேர்க்க வேண்டும் என்பது என் பிடிவாதமான எண்ணம். மாணவர் ஆசிரியர் முன்னால் ஒரு விதமாகவும் இரவுப் பணியில் வேறு விதமாகவும் பேசுவதைச் செவிலியர்தான் அறிவார்.

இதைத் தொடங்கக் காலமும் கனிந்திருக்கிறது. எம்.பி.பி.எஸ். படிப்பின் முடிவில் எல்லோருக்கும் பொதுவாகத் திட்டமிட்ட நெக்ஸ்ட் தேர்வின் இரண்டாம் கட்டம் செய்முறைத் தேர்வாக இருக்கும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிமுறைகள் சொல்லின. அதே ஆண்டு தேர்வு தள்ளிப்போனது. மாணவர்கள் அதை எதிர்த்ததற்கு நியாயமான காரணங்கள் உண்டு. என்றாவது ஒரு நாள் அந்த இரண்டாம் கட்டம் வரும்போது, மாணவர் நோயாளியிடம் பேசும் நேரம் முழுக்கத் தேர்வாளர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஒரே ஒரு வரியை விதியில் சேர்த்தாலும் போதும். அதற்குப் புதிதாகச் செலவழிக்க வேண்டியது ஒரு நாற்காலிக்கு மட்டுமே.